பழைய சர்வருக்குப் புதிய நினைவகம்: நமது சங்கத்தின் அனுபவம்

நமது சங்க அலுவலகத்தின் உள்ளறையில், பாவு நூல் அடுக்கும் கிடங்குக்கும் கணக்கர் மேஜைக்கும் இடையே, கறுத்த இரும்புப் பெட்டி ஒன்று நிற்பதை அங்கத்தினர்கள் பார்த்திருப்பீர்கள். கூலிப் பட்டுவாடாவுக்கு வந்து காத்திருக்கும் நெசவாளர் சிலர் அதன் மேல் துண்டை மடித்து வைப்பதும் உண்டு. காரியதரிசி கண்டால் கோபித்துக்கொள்வார். சர்வர் என்று வழங்கப்படும் அந்தக் கணினிதான் நமது அங்கத்தினர் பேரேடு, பங்குத்தொகைக் கணக்கு, தறிக்கூலி, பூவிருந்தவல்லிப் பக்கத்து விவசாயிகள் கொணரும் பூவுக்கும் கீரைக்கும் உரிய சிட்டா ஆகிய யாவற்றையும் தாங்கி நிற்கிறது. 2011-ஆம் ஆண்டு வாங்கியது. சென்ற ஆடி மாதம் முதல் ஐப்பசி வரை அதற்கு நினைவகம் கூட்டப்பட்ட வரலாற்றையும், அதில் நாம் செய்த பிழைகளையும் ஒளிக்காமல் இங்கு எழுத முற்படுகிறோம். பிற சங்கங்களிலும் இத்தகைய பழைய பெட்டிகள் இருக்கின்றன. அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

கூட்டுறவுக் கணக்கு நமது வட்டாரத்துக்குப் புதிதன்று. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அதே ஆண்டில், ஆவடிக்கு மேற்கே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் விவசாயிகளுக்கென ஒரு கடன் சங்கம் தோன்றிவிட்டது. மைக்கூடும் நாணற்கட்டைப் பேனாவுமாகத் தொடங்கிய அந்தக் கணக்கு இன்று மின்சாரத்தில் ஓடுகிறது. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022 ஜூன் மாதம் 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. 63,000 சங்கங்கள் அதன் இலக்கு. நல்ல திட்டந்தான். ஆனால் அது கடன் சங்கங்களுக்கு உரியது. தறியும் தோட்டமும் கலந்த நம்மைப் போன்ற சங்கம் தன் பெட்டியைத் தானேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சென்ற ஆடியில் நிர்வாக சபை கூடியபோது காரியதரிசி தெரிவித்த விஷயம் இது. ஒரு தறிக்கூலிப் பட்டியலை எடுக்க முன்பு 4 நிமிஷம் ஆயிற்று. இப்போது அரை மணிக்கு மேலாகிறது. பூச்சிட்டா பதியும் பெண் ஊழியரும் கூலிக் கணக்கரும் ஒரே சமயத்தில் வேலை செய்தால் இருவர் திரையும் நின்றுவிடுகின்றன. காரணம் என்னவென்றால், பெட்டியில் இருந்தது 12 ஜிபி நினைவகம். வாங்கிய காலத்தில் அது தாராளம். பிறகு வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. அங்கத்தினர் பெயர்களைத் தமிழிலேயே பதிய வேண்டும் என்று மகாசபை தீர்மானித்ததும் அவற்றுள் ஒன்று. முருகன் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் பதிந்தால் 7 பைட்டு போதும். தமிழில் யூனிகோடு முறைப்படி, இன்று பெரும்பாலும் வழங்கும் வகையில், 21 பைட்டு ஆகிறது. (இதற்காக ஆங்கிலத்துக்குத் திரும்புவோம் என்று சொன்னவர் எவரும் இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் குறிப்பிடுகிறோம். உண்மையில் மந்தத்துக்கு அது சிறு காரணமே. ஒரே பெட்டியில் நான்கு வேலைகளை ஏற்றியதே பெருங்காரணம்.)

நினைவகம் போதாதபோது கணினி என்ன செய்கிறது என்பதை நெசவாளர் எளிதில் விளங்கிக்கொள்வர். தறிக்குப் பக்கத்தில் கூடையில் ஊடை நூல் இருக்கும் வரை வேலை தடையின்றி நடக்கும். கூடை சிறியதாகி, ஒவ்வொரு தாருக்கும் கிடங்கு வரை எழுந்து போய்வர நேர்ந்தால், தறி எவ்வளவு நல்லதாயினும் துணி நீளாது. நினைவகம் அந்தக் கூடை. வட்டு அந்தக் கிடங்கு. கூடையைப் பெரிதாக்குவதே நாம் எடுத்துக்கொண்ட காரியம்.

நிர்வாக சபையில் அபிப்பிராய பேதம் எழாமல் இல்லை. விவசாயிகள் தரப்பு அங்கத்தினர் ஒருவர், பழைய மாட்டுக்குப் புதிய லாடம் எதற்கு, புதிய பெட்டியே வாங்கிவிடலாம் என்றார். இன்னொருவர் பெட்டியே வேண்டாம், அம்பத்தூரில் வந்திருக்கும் பெரிய தரவு மையங்களில் இடம் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டும் அலட்சியப்படுத்தத்தக்க யோசனைகள் அல்ல. ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் டயருக்கும் பேர்போன அம்பத்தூரில் இப்போது இத்தகைய மையங்கள் எழும்பி நிற்கின்றன. ஜப்பானைச் சேர்ந்த என்.டி.டி. நிறுவனம் 2023-இல் அங்கு ஒன்றைத் திறந்தது. ஆயினும் புதிய பெட்டியின் விலை நமது ஆண்டு உபரியில் பெரும் பகுதியை விழுங்கிவிடும் என்றும், உபயோகித்த நினைவகப் பலகைகள் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கும் என்றும் காரியதரிசி கணக்குக் காட்டினார். தீபாவளிக்கு முன் போனஸ் பட்டியல் போட்டாக வேண்டும். ஆகவே நினைவகம் கூட்டுவதென்று தீர்மானமாயிற்று. நாமும் அதற்கு ஆதரவாகவே கை தூக்கினோம்.

முதற்காரியமாகக் காரியதரிசி ஒரு கட்டளை இட்டார். பெட்டியின் மூடியைத் திறப்பதற்கு முன் கணக்கு முழுவதையும் வெளி வட்டில் நகல் எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது, அந்த நகலிலிருந்து வேறொரு கணினியில் பேரேட்டைத் திறந்து பத்து அங்கத்தினரின் இருப்பைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு நாள் வீணாகிறதே என்று நாம் முணுமுணுத்தோம். பின்னால் நடந்தவற்றை நினைக்கும்போது அந்த முணுமுணுப்புக்காக வெட்கப்படுகிறோம்.

ரிச்சி தெருவுக்குச் சென்று 8 ஜிபி பலகைகள் ஆறு வாங்கிவந்தோம். கடைக்காரர் வழக்கில் இதற்கு ராம் ஸ்டிக் என்று பெயர். டி.டி.ஆர்.3 என்ற வகை வேண்டும் என்பது நமக்குத் தெரியும். 2007-இல் வகுக்கப்பட்ட அந்த வகையும் பின்னால் வந்த டி.டி.ஆர்.4 வகையும் ஒன்றின் வாயில் மற்றொன்று நுழையாதவாறு வெட்டுப்பள்ளம் இடம் மாற்றி அமைக்கப்பட்டிருக்கிறது. சர்வருக்கு உரியதில் பக்கத்துக்கு எட்டுக்குப் பதிலாக ஒன்பது சில்லுகள் இருக்கும் என்றும் கேள்விப்பட்டிருந்தோம். எண்ணிப் பார்த்தோம், ஒன்பது இருந்தது. திருப்தியுடன் திரும்பினோம்.

பெட்டியில் பொருத்தி மின்சாரம் கொடுத்ததும் திரை ஒளிரவில்லை. பீப் பீப் என்று ஓலமிட்டதே தவிர வேறொன்றும் இல்லை. புதியவற்றைக் கழற்றிப் பழையவற்றை மட்டும் வைத்தால் ஓடுகிறது. கலந்து வைத்தால் ஓலம்.

இங்கேதான் நமது அறியாமை வெளிப்பட்டது. ஒன்பதாவது சில்லு பிழை திருத்தும் வசதியைக் காட்டுவது. அது இருந்தால் மட்டும் போதாது. சர்வர் பலகைகளில் ரிஜிஸ்டர் என்னும் இடைநிலைச் சில்லு உள்ளவை ஒரு சாதி, இல்லாதவை வேறு சாதி. டி.டி.ஆர்.3 வகையில் இரண்டுக்கும் ஒரே 240 முனைகள், ஒரே வெட்டுப்பள்ளம். வாயில் நன்றாகவே நுழையும். ஆனால் ஒரே பெட்டியில் இரண்டையும் கலக்கலாகாது. வேறுபாடு சீட்டில் ஒரே ஓர் எழுத்தாக அச்சிடப்பட்டிருக்கிறது. பிசி3-10600 என்பதற்குப் பின் ஆர் என்ற எழுத்து இருந்தால் ரிஜிஸ்டர் உள்ளது. இ என்று இருந்தால் இல்லாதது. (10600 என்பது வேகக் கணக்கு. வினாடிக்கு 1,333 மில்லியன் முறை, முறைக்கு 8 பைட்டு. பெருக்கிப் பார்த்தால் சற்றேறக்குறைய அந்த எண் வரும்.) நாம் கொணர்ந்தவை இ, பெட்டியில் இருந்தவை ஆர். நாம் இ வகையை வாங்கியது கடைக்காரர் குற்றமன்று. அவர் கேட்ட கேள்விக்கு நாம் சரியான விடை சொல்லவில்லை. பழைய பலகை ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோயிருந்தால் இத்தவறு நேர்ந்திராது. அவர் முகம் கோணாமல் மாற்றிக் கொடுத்தார்.

இரண்டாம் முறை பெட்டி ஓலமிடவில்லை. திரையும் ஒளிர்ந்தது. ஆனால் 48 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 24 என்று காட்டியது. ஆறு பலகைகளில் மூன்று பழுதோ என்று எண்ணி, இடம் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தோம். எந்த மூன்றை எங்கு வைத்தாலும் 24 தான்.

நமது பெட்டியின் தாய்ப்பலகையில் பிராசசருக்கு இரண்டு பீடங்கள் உள்ளன. அவற்றை ஒட்டிப் பக்கத்துக்கு ஒன்பதாகப் 18 நினைவக வாய்கள். பார்வைக்குச் சமமாக இருக்கட்டுமென்று இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று வைத்திருந்தோம். ஆனால் 2011-இல் சிக்கனம் கருதி நாம் வாங்கியது ஒரே பிராசசர். இரண்டாவது பீடம் இன்றுவரை வெறுமையாக இருக்கிறது. இன்டெல் நிறுவனத்தின் இவ்வகைப் பிராசசர்களில் 2009 முதல் நினைவகத்தை ஆளும் பகுதி பிராசசருக்குள்ளேயே அமைந்துவிட்டது. எனவே ஆளில்லாத பீடத்தைச் சேர்ந்த ஒன்பது வாய்களும் ஊமை வாய்கள். தண்ணீர் வராத வாய்க்காலின் கரையில் நாற்று நட்ட கதைதான். ஆறையும் முதற்பீடத்தின் பக்கம் கொணர்ந்தபின் 48 ஜிபி முழுமையாகத் தெரிந்தது.

அதிலும் ஒரு முறை உண்டு. ஒரு பிராசசருக்கு மூன்று தடங்கள். தடத்துக்கு மூன்று வாய்கள். மூன்று தடத்திலும் சமமாக ஏற்ற வேண்டும். நாம் தடத்துக்கு இரண்டாக வைத்தோம். பழைய 4 ஜிபி பலகைகள் மூன்றும் சும்மா கிடக்கின்றனவே, மிச்சமுள்ள மூன்று வாய்களில் அவற்றையும் செருகினால் 60 ஜிபி ஆகுமே என்ற ஆசை நமக்கு வந்தது. வரலாம், ஆனால் நமது பெட்டி வகையில் தடத்துக்கு மூன்று பலகை ஏறினால் வேகம் 1,333-லிருந்து 800-க்கு இறங்கிவிடும் என்று உபயோகக் குறிப்புப் புத்தகம் சொல்லிற்று. வண்டியில் கடைசி மூட்டை ஏறும்போது மாடு நடை தளர்வதைப் போல. ஆசையை விட்டுவிட்டுப் பழைய மூன்றையும் பத்திரமாக எடுத்து வைத்தோம். அவை பின்னால் எவ்வாறு கைகொடுத்தன என்பதைச் சொல்லப் போகிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு, பெட்டி 48 என்று சொன்னாலும் அதை நடத்தும் இயக்கு முறைமை 32 ஜிபியைத்தான் உபயோகிக்க இயலும் என்றது. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 ஸ்டாண்டர்டு என்ற அந்தப் பதிப்புக்கு விதிக்கப்பட்ட மேல்வரம்பே அது. வாங்குவதற்கு முன் பார்த்திருக்க வேண்டிய விஷயம். ஆக நாம் கொடுத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு இப்போதைக்கு உறங்குகிறது. இதைவிடக் கவனிக்கற்பாலது வேறொன்று உண்டு: அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவது 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு பொதுவாக நிறுத்தப்பட்டுவிட்டது. ஆதலால் பெட்டியை இணையத் தொடர்பிலிருந்து அறவே பிரித்து, அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படுமாறு செய்திருக்கிறோம். இது நிரந்தர ஏற்பாடு அன்று.

ஆவணி முழுவதும் பெட்டி நன்றாகவே ஓடிற்று. கூலிப் பட்டியல் 5 நிமிஷத்தில் வந்தது. நாமும் நிர்வாக சபையில் சற்றுப் பெருமையாகப் பேசினோம்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வாரம். பூ விலை ஏறும் காலம். திருமழிசை, பூவிருந்தவல்லிப் பக்கத்திலிருந்து விவசாயிகள் விடியலிலேயே மூட்டையுடன் வந்து நின்றார்கள், சிட்டா குவிந்தது. அதே வாரத்தில் நெசவாளருக்குத் தீபாவளி போனஸ் பட்டியலும் தொடங்கிற்று. செவ்வாய்க்கிழமை இரவு 9 மணிக்கு, பட்டியல் பாதி ஓடுகையில், பெட்டி நின்றுவிட்டது. மீண்டும் ஓட்டினோம், புதன்கிழமை மதியம் நின்றது. வியாழன் இரண்டு முறை. போனஸ் தொகையை நம்பி மகளின் கல்யாணத்துக்கு ஜவுளி பேசி வைத்திருந்த மூத்த நெசவாளர் ஒருவர், ஒன்றும் கேட்காமல் அலுவலகத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் கேட்டிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

உடனே ஓய்வுபெற்ற கணக்கர் இருவரை அழைத்துப் பூச்சிட்டாவைக் கையால் எழுதச் செய்தோம். விவசாயிகளுக்குப் பட்டுவாடா ஒரு நாள்கூடத் தவறவில்லை. அந்த இருவரும் இரவு 11 மணி வரை உட்கார்ந்து எழுதியதை இங்கே நன்றியுடன் பதிவு செய்கிறோம். ஆனால் போனஸ் கணக்கு ஓராண்டுக் கூலி முழுவதையும் தழுவியது, கையால் ஆகக்கூடியதன்று.

நமது முதல் எண்ணம் ஒன்றே: பழைய பலகை ஏமாற்றிவிட்டது. ரிச்சி தெருக் கடைக்காரருக்குத் தொலைபேசியில் கடுமையாகவே பேசினோம். அதே இரவு ஆறு பலகைகளையும் மெம்டெஸ்ட் என்னும் சோதனை நிரலால் விடிய விடியச் சோதித்தோம். காலையில் பார்த்தால் ஒரு பிழையும் இல்லை என்று திரை சொல்கிறது. குழப்பம் அதிகரித்தது.

நமது நெசவாளர் ஒருவரின் மகள் அம்பத்தூரில் ஒரு தரவு மையத்தில் இரவு முறைப் பணியில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் தந்தையின் வேண்டுகோளுக்கிணங்க வந்தார். பெட்டியைத் தொடவில்லை.

“ஐயா, பெட்டியின் குறிப்பேட்டைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

“எந்தக் குறிப்பேடு, அம்மா?” என்றார் காரியதரிசி.

சர்வர் ஒவ்வொன்றும் தன் உடம்பில் நேரும் கோளாறுகளைத் தானே தேதியிட்டு எழுதிவைக்கிறது. நாம் அதைத் திறந்தே பார்த்ததில்லை. திறந்தபோது ஆவணி மூன்றாம் வாரம் முதலே ஒரே வரி திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது: இரண்டாம் தடத்தின் இன்ன வாயில் பிழை நேர்ந்தது, திருத்தப்பட்டது. முதலில் நாளுக்கு ஒன்று. பிறகு மணிக்கு ஒன்று. புரட்டாசியில் வரி வரியாக. பெட்டி நின்ற ஒவ்வொரு சமயமும் திருத்த இயலாத பிழை என்று ஒரு வரி. ஐந்து வாரமாக யந்திரம் முறையிட்டிருக்கிறது.

இங்கே பிழை திருத்தும் வசதியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஹாமிங் என்பவர் வாரக்கடைசியில் கணக்கை யந்திரத்தில் ஏற்றிவிட்டுப் போவார். திங்கட்கிழமை வந்து பார்த்தால், நடுவில் ஒரு பிழை கண்டு யந்திரம் வேலையைக் கைவிட்டிருக்கும். பிழையைக் கண்டுகொள்ளத் தெரிந்த யந்திரத்துக்கு அதைத் திருத்த மட்டும் தெரியாதா என்ற எரிச்சலில் பிறந்ததே அவர் 1950-இல் வெளியிட்ட முறை. இன்றைய சர்வரில் 64 பிட் தரவுக்கு 8 பிட் காவலாக வைக்கப்படுகிறது. நமது பேரேட்டில் நெடுக்குக் கூட்டலும் குறுக்குக் கூட்டலும் போட்டால் எந்தக் கட்டத்தில் தவறு என்று இரண்டும் சந்திக்கும் இடத்தில் தெரிந்துவிடுகிறதல்லவா? ஏறத்தாழ அதே யுக்தி. ஒரு பிட் தவறினால் திருத்திவிடும். இரண்டு தவறினால் திருத்த இயலாது, ஆனால் தவறு என்று தெரிந்துகொள்ளும். தெரிந்ததும் தவறான கணக்கைத் தருவதைவிட நிற்பதே மேல் என்று நின்றுவிடும். பெட்டி நின்றது குணமே அன்றிக் குற்றமன்று. மெம்டெஸ்ட் பிழை காட்டாததன் காரணமும் இதுவே. சோதனை நிரல் பார்ப்பதற்கு முன்பே ஒற்றைப் பிழைகளைக் காவல் பிட்டுகள் திருத்திக் கொடுத்துவிட்டன.

இக்காவல் இல்லாவிடில் என்ன ஆகும்? 2003 மே 18-இல் பெல்ஜியம் நாட்டில் ஸ்கார்பேக் என்னும் ஊரில் மின்னணு முறையில் வாக்கு எண்ணியபோது, ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் அதிகமாக வந்தன. கட்சிக்கு விழுந்த வாக்குகளோடு பொருந்தாததால் தவறு வெளிப்பட்டது. 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண். நினைவகத்தில் பதின்மூன்றாவது பிட் ஒன்று தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்றே விசாரித்தவர்கள் முடிவு கூறினர். நமது போனஸ் பட்டியலில் ஒருவர் பெயருக்கு நேரே 4,096 ரூபாய் கூடியோ குறைந்தோ போயிருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்? இது அபூர்வம் என்றும் எண்ணிவிட வேண்டாம். பியாங்கா ஷ்ரோடர் என்ற அம்மையாரும் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நிறுவனத்தின் சர்வர்களில் ஓராண்டில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட பலகைகள் ஏதேனும் ஒரு பிழையைக் காட்டியதாகக் கண்டார்கள்.

மீண்டும் நமது கதைக்கு வருவோம். குறிப்பேட்டில் இடம் தெரிந்துவிட்டது. அந்தப் பலகையைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றோம். அந்தப் பெண் தலையசைத்து மறுத்தார்.

“பலகை கெட்டதா, வாய் கெட்டதா என்று தெரியாதே, ஐயா. பக்கத்துத் தடத்துப் பலகையை இங்கும், இதை அங்கும் மாற்றி வைப்போம். பிழை பலகையோடு போகிறதா, இடத்திலேயே நிற்கிறதா, பார்க்கலாம்.”

பெட்டியை நிறுத்தி, மின்கம்பியையும் பிடுங்கி, மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி அதன் கம்பியைப் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் மாட்டிக்கொண்டார். உடம்பிலுள்ள நிலை மின்சாரம் சில்லுகளைக் கொன்றுவிடும். பாலியெஸ்டர் நூல் ஓட்டியவர்களுக்கு, வறண்ட நாளில் இழை கையில் ஒட்டிக்கொண்டு மயிர் சிலிர்க்கும் அனுபவம் உண்டு, அதே மின்சாரம். பலகைகளை இடம் மாற்றி, போனஸ் பட்டியலை மறுபடி ஓட்டினோம். நாற்பது நிமிஷத்தில் குறிப்பேட்டில் வரி விழுந்தது. இரண்டாம் தடம், அதே வாய். பலகை மாறியும் பிழை இடம் பெயரவில்லை.

நிச்சயம் செய்துகொள்ள, 2011 முதல் பழுதின்றி உழைத்துப் பீரோவில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த பழைய 4 ஜிபி பலகை ஒன்றை அந்த வாயில் வைத்துப் பார்த்தார். அதற்கும் அதே பிழை. நாம் திட்டித் தீர்த்த பலகை குற்றமற்றது என்பது ருசுவாயிற்று.

பிறகு டார்ச்சு விளக்கை அந்த வாயின் மேல் சாய்த்துப் பிடித்தார். நாம் குனிந்து பார்த்தோம். பொன் பூசிய முனைகளுக்கிடையே சாம்பல் நிறத்தில் மெல்லிய நூல் போல் ஏதோ படிந்திருந்தது. பஞ்சுத் தூசி. நமது கிடங்கின் பாவு நூலிலிருந்து பறந்து வந்த, சுத்தமான பருத்திப் பஞ்சு!

யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. தடத்துக்கு ஒன்றாக மூன்று வாய்களில்தான் ஆதியிலிருந்து பலகை இருந்தது. அவற்றில் தூசி புக இடமில்லை. மற்றவை பத்தாண்டுக்கு மேலாக வாயைத் திறந்துகொண்டு நின்றன. உள்ளே சுழலும் விசிறி கிடங்குக் காற்றை இழுத்து இழுத்து அவற்றில் பஞ்சை நிரப்பிற்று. நாம் புதிதாக உபயோகிக்கத் தொடங்கிய மூன்று வாய்களில் ஒன்று இது. மழைக்கால ஈரமும் சேர, முனைகளுக்கிடையே தொடர்பு விட்டு விட்டு ஏற்பட்டிருக்க வேண்டும். ஆவணியில் அடங்கியிருந்தது புரட்டாசி மழைக்குப் பின் முற்றியதற்கு வேறு காரணம் தோன்றவில்லை.

கைத்துருத்தியால் மெல்ல ஊதினார். வீட்டில் தூசி உறிஞ்சும் யந்திரத்தை இங்கே உபயோகிக்கக்கூடாது என்று எச்சரித்தார். அதுவே நிலை மின்சாரத்தை உண்டாக்குமாம். பலகைகளின் பொன் முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சு உதிராத துணியால் துடைத்து உலரவிட்டார். (பஞ்சு உதிராத துணி நமது கிடங்கில் இல்லை, வெளியில் வாங்கினோம்.) செருகும்போது இரு பக்கக் கொக்கிகளும் தாமே நிமிர்ந்து சொடுக்கென்று ஒலிக்கும் வரை நேராக அழுத்தினார். ஒரு பக்கம் மட்டும் பொருந்துவதும் இதே நோயைத் தரும் என்றார். இதிலும் சரியாகாவிடில் பிராசசரைத் தூக்கி, அதன் பீடத்திலுள்ள நுண்ணிய முனைகளில் ஏதேனும் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பதே அடுத்த படி என்றும் சொன்னார். அதற்கு அவசியம் நேரவில்லை. வெள்ளி இரவு போனஸ் பட்டியல் ஒரே மூச்சில் ஓடி முடிந்தது. குறிப்பேட்டில் ஒரு வரியும் விழவில்லை. திங்கட்கிழமை பட்டுவாடா. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் மூன்றாவதாகக் கையெழுத்திட்டார்.

இவ்விடத்தில் நெசவாளருக்கு ஒரு வார்த்தை. கணினியின் நினைவகமும் தறியும் அந்நியமல்ல. பிரான்சில் ஜக்கார்டு 1804 வாக்கில் துளையிட்ட அட்டையால் தறியை நடத்திக் காட்டியதே, யந்திரத்துக்கு நினைவு கொடுத்த ஆதி முயற்சிகளில் தலையாயது. பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிலையத்தார் கட்டி 1960-இல் இயங்கச் செய்த டிஃப்ராக் கணினியில் 2,048 சொற்களுக்கு இடம் இருந்தது, சொல்லுக்கு 40 பிட். பிட்டுக்கு ஒரு காந்த வளையம் என்று வைத்தால் 81,920 வளையங்கள். அக்காலத்து நினைவகங்களில் இவ்வளையங்களுக்குள் பாவும் ஊடும் போலக் கம்பிகளைக் கோத்திருப்பார்கள். பல நாடுகளில் பெண்கள் கையால் கோத்தார்கள். நமது ஆறு பலகைகளிலும் சேர்ந்து இன்று 41,000 கோடிக்கு மேற்பட்ட பிட்டுகள். அவ்வளவையும் நிறுத்திவைக்க ஒரு பஞ்சு இழை போதுமானதாயிருந்தது.

கடைக்காரரை நேரில் சென்று பார்த்து, தொலைபேசியில் பேசியதற்கு வருத்தம் தெரிவித்தோம். அவர் தேநீர் வரவழைத்தார். சர்வர் நினைவகத்தின் விலை 2025 கடைசியில் ஏறிய ஏற்றத்தைப் பற்றி வெகு நேரம் பேசினார். செயற்கை அறிவுக் கூடங்கள் உலகெங்கும் அள்ளிக்கொண்டு போகின்றனவாம்.

இப்போது நடைமுறை பின்வருமாறு. பெட்டி கிடங்குப் பக்கத்திலிருந்து மாற்றப்பட்டு, கதவுள்ள முன்னறையில் இருக்கிறது. வெறுமையாயுள்ள 12 வாய்களுக்கும் போலிப் பலகைகள் செருகி மூடப்பட்டுள்ளன. குறிப்பேட்டைத் திங்கட்கிழமைதோறும் கணக்கர் திறந்து பார்த்து, ரொக்கப் புத்தகத்தில் இடுவதுபோல் தேதியிட்டுக் கையெழுத்திடுகிறார். புதிய பெட்டி வேண்டும் என்று சொன்ன அங்கத்தினரின் கோரிக்கையை நிர்வாக சபை மீண்டும் எடுத்துக்கொண்டு, அதற்கென ஒரு நிதி ஒதுக்கத் தொடங்கியிருக்கிறது. அவர் சொன்னது முற்றும் தவறன்று. இயக்கு முறைமையின் வயதை நினைத்தால், நாம் வாங்கியது ஈராண்டு அவகாசம் மட்டுமே. அம்பத்தூர் மையத்தில் வாடகைக்கு இடம் எடுப்பது பற்றி வரும் மகாசபையில் விவாதம் நடக்கும். மாத வாடகை என்ன, கணக்கு யார் கையில் இருக்கும், மழை வெள்ளத்தில் தொடர்பு அறுந்தால் பட்டுவாடா எப்படி என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையுடன் வருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். 2023 டிசம்பர் புயலில் தொழிற்பேட்டையில் நின்ற தண்ணீரை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

பழைய 4 ஜிபி பலகைகள் மூன்றும், டி.டி.ஆர்.3, ஆர் வகை, நல்ல நிலையில், நிலை மின்சாரம் தாக்காத பைகளில் பீரோவின் மேல் தட்டில் இருக்கின்றன. ஒன்றைச் சோதனைக்கென வைத்துக்கொள்கிறோம். அதே வகைப் பெட்டி வைத்திருக்கும் சகோதர சங்கம் எதுவாயினும், காரியதரிசிக்கு எழுதி மற்ற இரண்டையும் விலையின்றிப் பெற்றுக்கொள்ளலாம். வரும்போது தங்கள் பெட்டியிலிருந்து ஒரு பலகையைக் கழற்றிக் கையோடு கொண்டுவர வேண்டுகிறோம்.